இறக்கத்தைப் பார்த்துக் கார் எடுங்கள்: மலையகத்தில் ஒரு வேகக் காருக்கான கணக்கு

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். கந்தப்பளையில் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிற வேலையை ஒரு பழைய லொறியோடு தொடங்கியவர், இன்றைக்கு மூன்று லொறி, நுவரெலியாவில் ஒரு சின்ன விடுதி என்று நிற்கிறார். போன மாதம் தலவாக்கலையில் இருக்கும் என் கராஜுக்கு வந்தார். பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, வாழ்க்கையில ஒரு கார் எடுக்கணும். சும்மா போக வர இல்ல, மிதிச்சா பறக்கிற கார். காசு சேர்த்து வச்சிருக்கேன். எதை எடுக்க, நீ சொல்லு" என்றார். இது அவருக்குச் சொன்ன பதில். இதே கேள்வியோடு இன்னும் சிலர் வந்ததால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அவர் மனதில் நாலு கார் இருந்தது. பிஎம்டபிள்யூ எம்3 கொம்பெடிஷன், நாலு சக்கரமும் இழுக்கிற வகை. இறக்குமதித் தடைக்கு முன்னால் பதிவான ஒரு போர்ஷே 911 கரேரா. டொயோட்டா ஜிஆர் யாரிஸ். அப்புறம் மகன் காட்டிக் கொடுத்த பிவைடி சீல், இரண்டு மோட்டார் உள்ள மின்சாரக் கார். ஐந்தாவதாக நான் ஒன்றைச் சேர்த்தேன், மிட்சுபிஷி இவோ. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆசையைப் பற்றி. இந்த ஆசையை யாராவது வீண் பகட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஏப்ரல் சீசனுக்கு அப்பா ஒரு தடவை கூட்டிப்போனார். கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். ஒரு மலையில் அடித்து எதிர் மலையில் திரும்பி, எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றே தெரியாமல் நெஞ்சுக்குள் இறங்கும். கியர் குறைக்கும்போது, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவிலிருந்து வரும் அந்தச் சீறலைக் கேட்டு அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. லயத்தில் பிறந்து, துரைமாரின் ஜீப்புக்கு வழிவிட்டு ஓரமாக நின்ற ஒரு பிள்ளைக்கு நாற்பத்தெட்டு வயதில் அந்தச் சத்தம் சொந்தமாக வேண்டும் என்றால், அதற்குக் கணக்குப் போட்டு உதவுவதுதான் என் வேலை.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கே வேகக் கார் என்றால் என்ன? இந்த நாட்டில் ஊர்மனைக்குள் காருக்கு 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. மலையகத்துக்கு அதிவேகப் பாதையே இல்லை. 2024 வரை வந்த எம்3 கொம்பெடிஷனுக்கு 510 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட மூன்றரை செக்கன். அதாவது இரண்டரை செக்கனுக்குள் சட்டம் அனுமதிக்கிற வேகம் முடிந்துவிடும், அதற்குள் அடுத்த வளைவும் வந்துவிடும், வளைவுக்கு அந்தப் பக்கம் கொழுந்து ஏற்றிய ட்ரக்டரோ பஸ்ஸோ மாடோ நிற்கும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கு மேல் சனம் செத்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆகவே குதிரைத்திறன் எண்ணை வைத்து இங்கே கார் தெரிவு செய்ய முடியாது. நமக்குக் கிடைக்கிற சந்தோஷம் முப்பதிலிருந்து எழுபதுக்குள்தான். ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது எப்படி இழுக்கிறது, ஸ்டியரிங் கைக்கு என்ன சொல்கிறது, பிரேக் காலுக்கு என்ன சொல்கிறது, அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தை எந்தக் கார் அதிகம் தருகிறது, அதற்கு வருஷா வருஷம் என்ன கேட்கிறது என்பதுதான் ஒப்பீடு.

விலையில் பாதிக்கு மேல் வரிதான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வரி எப்படி ஏறுகிறது என்று பலர் பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி எஞ்சினின் சிசியைப் பார்த்துப் படிப்படியாக ஏறும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து. அதன்மேல் சொகுசு வரி, சுங்கத் தீர்வை, 18 சதவீத வற் வரி. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பெற்றோல் காரில் வரி சிசியைத்தான் பார்க்கிறது, பலத்தைப் பார்ப்பதில்லை. எம்3 எஞ்சின் 2,993 சிசி. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ்ஸின் எஞ்சின் 1,991 சிசி, அதில் 421 குதிரைத்திறன். ஜிஆர் யாரிஸ் 1,618 சிசி, மூன்றே சிலிண்டர், ஜப்பானில் முதலில் வந்தபோது 272 குதிரைத்திறன். அந்தப் பதினெட்டு சிசியால் அது 1,600 படியைத் தாண்டிவிடுவது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ஆனாலும் மூன்று லீற்றர் எஞ்சினோடு பார்த்தால் உலக வித்தியாசம்.

அடுத்தது காற்று. இதைக் கொழும்பு விற்பனைக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள், அவர்களுக்குத் தேவையும் இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் மேலே வரும்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலத்தைக் கீழேயே விட்டுவிட்டு வரும், குளிர்க் காற்று அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், முழுதையும் அல்ல. டர்போ இந்தக் குறையைப் பெருமளவு நிரப்பிவிடும், அதற்காக அது கூடுதலாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான். மின் மோட்டாருக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அதனால்தான் அண்ணனிடம், 911 எடுப்பதானால் 2015க்குப் பிறகு வந்த டர்போ கரேராவை எடுங்கள், பழைய 3.4 லீற்றரின் சத்தம் அருமையாக இருந்தாலும் பிதுருதலாகல மலை அடிவாரத்தில் அது களைத்துப்போகும் என்றேன்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடம், இறக்கம். எல்லாரும் ஏற்றத்தைத்தான் பேசுவார்கள், மலையில் கார் ஏறுமா, இழுக்குமா என்று. இந்த ஐந்தில் எது வேண்டுமானாலும் ஏறும். காசைத் தின்பது இறக்கம்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் பெரிய ஜெர்மன் காரைச் சோதித்துப் பார்க்க நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக இறங்கினேன். நல்ல கார், நல்ல டயர், பிரேக் பேட் கூடப் பாதிக்கு மேல் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலை தாண்டி இரண்டு மூன்று வளைவில் ஒரு வாசம் வந்தது, இஸ்திரிப் பெட்டியின் கீழ் துணி கருகுகிற மாதிரி. அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அதற்கடுத்ததில் இன்னும் கீழே, பஞ்சை மிதிக்கிற மாதிரி. இரண்டாம் கியருக்குக் கொண்டுவந்து எஞ்சினால் பிடித்து, ஓரத்தில் ஒரு சோளம் அவிக்கிற கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முன் சக்கரம் இரண்டிலிருந்தும் புகை. கடைக்கார அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார், ஊற்ற வேண்டாம் அக்கா, பிரேக் தட்டு வெடித்துவிடும் என்று தடுத்தேன். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். கராஜுக்குக் கொண்டுவந்து பிரேக் எண்ணெயை எடுத்துப் பார்த்தால் தேநீர் நிறம். சேர்விஸ் புத்தகத்தில் மாற்றியதாக முத்திரை இருந்தது, மாற்றவில்லை.

நடந்தது என்னவென்றால், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை இருக்க வேண்டும், ஈரம் ஏறியதும் அதே எண்ணெய் 155 வரைக்கும் இறங்கலாம். அந்தச் சூட்டில் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும், பெடல் தரையைத் தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் பக்கத்தில் வேகக் காருக்கு நான் வருஷம் ஒருமுறை மாற்றிவிடுவேன். இந்தச் செலவில் கை வைக்கவே கூடாது.

எந்தக் காருக்கு எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினால் உயரம் ஏறத்தாழ 1,400 மீற்றர் குறைகிறது. இரண்டு பேர் ஏறிய எம்3 இரண்டு தொன்னுக்குக் கிட்ட வரும், அது இறங்கும்போது விடுகிற சக்தி ஏழரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எண்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கொஞ்சத்தைக் காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும், மிச்சம் எல்லாம் அந்த நாலு இரும்புத் தட்டுக்குத்தான். 911 என்றால் ஆறு யூனிட். ஜிஆர் யாரிஸ் 1,280 கிலோதான், ஆட்களோடு சேர்த்து ஐந்தரை யூனிட். பிவைடி சீல் 2,185 கிலோ, ஆட்களோடு ஒன்பதுக்குக் கிட்ட.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் சீல்தான் மோசம். ஆனால் உண்மையில் தலைகீழ். மின்சாரக் கார் அந்த ஒன்பது யூனிட்டில் பெரும் பங்கைச் சூடாக்கி வீணாக்காமல் பற்றரிக்குத் திருப்பி எடுக்கும். பிரேக் தட்டு பல வருஷம் அப்படியே இருக்கும், துரு பிடிப்பதுதான் கவலையாக இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, இதை மேட்டு நில வீடுகளில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூற்றுக்கு நூறாக வைத்துக்கொண்டு காலையில் இறங்கினால், திருப்பி எடுக்கிற சக்தியை வைக்கப் பற்றரியில் இடம் இருக்காது. அப்போது இரண்டே கால் தொன்னையும் சாதாரண பிரேக்தான் பிடிக்க வேண்டும். மேலே இருந்து புறப்படுகிறவர்கள் எண்பது, எண்பத்தைந்தோடு நிறுத்திவிடுங்கள். அந்த வகைப் பற்றரியை அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள்தான், அதைக் கீழே கண்டியிலோ கொழும்பிலோ நிற்கும் நாளில் செய்துகொள்ளலாம்.

டயர் விஷயத்தில் ஒரு பழக்கம் சொல்கிறேன். விற்கிறவர் எஞ்சினைத் திறந்து காட்டும்போது நான் குனிந்து டயரின் எண்ணைத்தான் வாசிப்பேன். எம்3க்கு முன்னால் 275, பின்னால் 285, விட்டமும் வேறு வேறு, பத்தொன்பதும் இருபதும். 911க்கு முன்னால் 235, பின்னால் 295. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. ஒன்று வெடித்தால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையில் இருக்காது, கொழும்புக்குச் சொல்லி எடுக்க வேண்டும், அது வரும்வரை கார் கல்லின்மேல் நிற்கும். ஜிஆர் யாரிஸுக்கு நாலும் ஒரே அளவு, 225க்கு 40, பதினெட்டு அங்குலம். சீலுக்கும் நாலும் ஒன்றுதான். எம்3, 911, யாரிஸ் எதிலும் உதிரிச் சக்கரம் கிடையாது, ஒட்டுகிற மருந்துப் போத்தல்தான். அது ஆணி குத்தினால் உதவும். மழைநாளில் மண் சரிந்து கிடக்கும் கூர்ங்கல் பக்கச் சுவரைக் கிழித்தால் உதவாது. ஹக்கலைக்குக் கீழே இரவு பத்து மணிக்கு அப்படி ஒரு நாள் நின்றிருக்கிறேன், அதற்குப் பிறகு ஒரு யோசனை சொல்கிறேன்: எந்தக் கார் எடுத்தாலும் ஐந்தாவது டயர் ஒன்றை அன்றைக்கே வாங்கி வீட்டில் போட்டுவிடுங்கள்.

பெற்றோல் கணக்கு சுருக்கமாக. மாதம் ஆயிரம் கிலோமீற்றர், லீற்றர் 350 ரூபா என்று வைத்துக்கொண்டால், மலையில் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் கொடுக்கும் எம்3க்கு மாதம் 58,000 ரூபா. ஒன்பது கொடுக்கும் யாரிஸுக்கு 39,000. 911 இரண்டுக்கும் நடுவில். சீலுக்கு இருநூறு யூனிட் மின்சாரம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபா ஆனது, அந்தக் கணக்கில் இருபத்தைந்து நாள் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலையாகப் பதிந்தால், 33,750. என் அம்மா கொழுந்தெடுத்தவர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் என்னால் இந்தக் கணக்கை முடிக்க முடியாது, அண்ணனாலும் முடியாது. விடுதியில் வேலை செய்யும் பிள்ளைகளின் சம்பளத்தை முதலில் கூட்டிவிட்டுத்தான் காருக்கு வருவேன் என்று அவரே சொன்னார்.

இன்னொன்று, ஒக்டேன். ஜெர்மன் கார் இரண்டும் 98ஐ நினைத்துச் செய்தவை. நம் செட்டுகளில் வழக்கமாகக் கிடைப்பது 92உம் 95உம், சின்ன டவுன்களில் 95 இல்லாத நாளும் உண்டு. 95 ஊற்றலாம், எஞ்சின் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுக்கும். 92 ஊற்றி ஏற்றத்தில் மிதிக்கவே கூடாது. 2022இல் கியூஆர் கோட்டுக்கு வாரம் இருபது லீற்றர் வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நிலைமை திரும்பி வராது என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

இப்போது கார் காராக.

எம்3 ஒரு முழுமையான கார். அண்ணி முன்னால், பிள்ளைகள் இரண்டும் பின்னால், பெட்டி படுக்கை டிக்கியில், அப்படியே கதிர்காமம் போய் வரலாம். கியர்பெட்டி வழக்கமான தானியங்கி வகை, இரட்டைக் கிளச் அல்ல, அதனால் ஏப்ரல் சீசன் நெரிசலில் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தாலும் நோகாது. ஆனால் அகலம்! கண்ணாடியோடு சேர்த்தால் இரண்டு மீற்றருக்கு மேல். கினிகத்தேனைப் பக்கம் எதிரே பஸ் வந்தால் நீங்கள் கானில் ஒரு சக்கரத்தை இறக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் மனம் பதறும். இந்தக் காரைத் தெற்கு அதிவேகப் பாதையில் ஓட்டும்போது அது வேறு கார், உடம்பை விரித்து ஓடும். நம் பாதையில் அது தோளைக் குறுக்கிக்கொண்டே நடக்கிற ஆள் மாதிரி இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் கொழும்பில் இருப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். அண்ணன் மாதத்தில் இரண்டு தடவைதான் போகிறார்.

911 விஷயத்தில் என்னால் நிதானமாகப் பேச முடியாது. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது பின் டயர் தரையைப் பிடிக்கிற பிடி வேறு எதிலும் இல்லை. நீங்கள் மிதிப்பதற்கு முன்னால் அது தெரிந்துவைத்திருக்கிற மாதிரி இருக்கும். பிரேக்கும் அப்படித்தான், இந்த ஐந்தில் லபுக்கலை இறக்கத்தில் முழு நம்பிக்கையோடு நான் விடக்கூடிய பெற்றோல் கார்கள் இரண்டு, அதில் இது ஒன்று. எம்3யைவிட ஒடுக்கமும் கூட. விலையும் இறங்கவில்லை, தடைக்கு முன்னால் பதிவான கார் எல்லாமே ஏறித்தான் இருக்கிறது, ஆகவே வாங்கிய காசு பெரும்பாலும் திரும்பி வரும். தடுப்பது ஒன்றுதான், தரை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலையகமெங்கும் வீதிகள் மண்ணோடு அறுந்து போனபோது எத்தனை உயிர், எத்தனை வீடு போனது என்பது தனிக் கதை, அதை இங்கே காரோடு சேர்த்துப் பேச எனக்கு மனமில்லை. வீதியை மட்டும் சொல்கிறேன். தார் போன இடத்தில் கல்லும் மண்ணும் கொட்டித்தான் வழி விடுகிறார்கள். அண்ணன் வீட்டுக்குப் போகிற தோட்ட வீதி புயலுக்கு முன்னாலேயே அப்படித்தான். முன்பக்கத்தைத் தூக்குகிற வசதி சில 911களில் உண்டு, விலைப் பட்டியலில் அது தனிக் காசு, நாம் பார்த்த காரில் இல்லை. விடுதியில் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டோவில் போவேன் என்றார் அண்ணன். ஒரு மாதம் போவார், அப்புறம் கார் விடுதியிலேயே நிற்கும்.

சீல் பற்றி நான் தப்பாக நினைத்திருந்தேன், ஓட்டிய பிறகு மாறிவிட்டேன். 530 குதிரைத்திறன், நூறைத் தொட 3.8 செக்கன், உயரத்தால் ஒன்றும் குறையாது, இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றும், நாலு பேர் தாராளமாக உட்காரலாம், பெற்றோல் வரிசை கிடையாது. பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. ஆனால் அண்ணன் கேட்டது சத்தம். அதோடு எடை வளைவில் தெரிகிறது, வளைந்து வளைந்து திரும்புகிற ரதல்ல குறுக்கு வீதி மாதிரி இடத்தில் கார் உங்களைவிட அரை செக்கன் பிந்தித்தான் மனதை மாற்றுகிறது. மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போகிற ஊரில் அது மட்டுமே உங்கள் கார் என்றால் கஷ்டம். வீட்டில் லொறி நிற்கிறவருக்கு அது பிரச்சினை இல்லை. பிள்ளைகளோடு போகத்தான் முக்கியமாகக் கார் என்றால் இதை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

இவோவை ஏன் சேர்த்தேன் என்றால், சின்ன வயதில் அண்ணன் கையை இறுக்கிப் பிடித்தது அந்த மாதிரிக் காரைப் பார்த்துத்தான். நாலு சக்கர இழுவை, இரண்டு லீற்றர் டர்போ, ரலி ஓட்டத்துக்கென்றே பிறந்தது. உற்பத்தி 2016இல் நின்றுவிட்டது. இன்று கையில் கிடைப்பது எல்லாம் ஐந்தாறு கை மாறியது, யாரோ பூஸ்ட்டை ஏற்றி, யாரோ கம்பியை வெட்டி ஒட்டி, யாரோ போட்டியில் அடித்து எடுத்தது. ஒன்பதாவது வரைக்கும் டைமிங் பெல்ட், அது எப்போது மாற்றியது என்று கேட்டால் வாய்மொழிதான் பதில். அதைத் திருத்தித் திருத்தி நான் பிழைக்கலாம், அண்ணன் ஓட்டுவது குறைவாகத்தான் இருக்கும். ஆசைக்காகச் சேர்த்தேன், ஐந்து நிமிஷத்தில் நானே அடித்துவிட்டேன்.

மிச்சம் யாரிஸ். பார்க்கச் சின்னக் கார், பக்கத்தில் நிறுத்தினால் வாடகைக்கு ஓடுகிற விட்ஸுக்குத் தம்பி என்று நினைப்பார்கள், அண்ணனுக்கு முதலில் அதுதான் குறையாகப் பட்டது. ஒரு வாடிக்கையாளர் காரை இரண்டு மணி நேரம் தந்தார், தலவாக்கலையிலிருந்து டெவன் பக்கம் போய்த் திரும்பி, அப்புறம் நானுஓயா வரைக்கும் ஓட்டினோம். மழை விட்ட நேரம், தார் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது, தேயிலைக்கு மேலே மூடுபனி தொங்கியது. மூன்றாம் கியரை அண்ணனே கையால் போட்டார், மூன்று சிலிண்டரும் சேர்ந்து ஒரு முரட்டுச் சத்தம் போட்டது, வளைவில் நாலு சக்கரமும் பிடித்து அப்படியே வெளியே தள்ளியது. எதிரே பஸ் வந்தது. அண்ணன் கானைப் பார்க்கவே இல்லை, இரண்டு வண்டிக்கும் தாராளமாக இடம் இருந்தது. பஸ் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். எழுபதைத் தாண்டவே இல்லை, முகம் மட்டும் பத்து வயதுப் பிள்ளை முகமாக இருந்தது. இதற்கு விரோதமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பின் சீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருக்க முடியாது, உள்ளே சொகுசு என்று ஒன்றும் இல்லை, கரடுமுரடான வீதியில் இடுப்பைக் குலுக்கும். சொகுசும் வேகமும் சேர்ந்தே வேண்டும் என்கிறவர் இதை எடுத்தால் ஆறு மாதத்தில் விற்றுவிடுவார்.

காப்புறுதியை மறந்துவிடாதீர்கள், காரின் பெறுமதியை வைத்துத்தான் அது கணக்கு, மூன்று கோடிக் காருக்கும் ஒன்றரைக் கோடிக் காருக்கும் வருஷக் கட்டணமும் இரண்டு மடங்கு. பெரிய விலைக் காருக்கு உதிரிப்பாகங்களின் விலையைத் தனியாகப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு முன் விளக்கு உடைந்தாலே சண்டை வரும். புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் இவற்றோடு பார்த்தால் சில்லறை.

அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: யாரிஸை எடுங்கள், மிஞ்சுகிற காசில் இரண்டு செட் டயர், முன் பிரேக் தட்டு, பேட் எல்லாம் வாங்கி என் கராஜில் போட்டுவிடுங்கள், பிள்ளைகளோடு போக இருக்கிற பழைய வேனே போதும். அவர் சரி என்று சொல்லிவிட்டு, அந்த 911ஐ இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்றும் கேட்டார். பார்க்கலாம் அண்ணே என்றேன். சனிக்கிழமை விடியக்காலை கொழும்புக்குப் போகிறோம், இரண்டு யாரிஸும் அந்த 911உம் பார்க்க. ஜப்பான் ஏலத் தாளை வாங்கி மீற்றர் எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும், யாரிஸின் கிளச் வழுக்குகிறதா என்று ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்துப் பார்க்க வேண்டும், கொழும்பில் ஏற்றம் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பையில் டயர் ஆழம் பார்க்கிற கருவியும் பிரேக் எண்ணெய் பார்க்கிற பேனாவும் எடுத்து வைத்தாயிற்று.